பெயர் நிற்கிற இரும்பு

எங்கள் கோயிலில் ரியூப் லைட்டுக்கும் பெயர் உண்டு. வெள்ளைக் குழாயின் மேல் சிவப்பு மையால் ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவரின் பெயர், அவருடைய தகப்பனின் பெயர், ஊர், இப்போது இருக்கிற தெரு என்று எழுதி முடித்தால், வெளிச்சம் வெளியே வருவதற்குக் கொஞ்ச இடந்தான் மிஞ்சும். அந்த மிச்ச வெளிச்சத்தில் நாங்கள் தேவாரப் புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பாடினோம். மின்விசிறியில் ஒருவர், தண்ணீர்க் குழாயில் ஒருவர், சப்பாத்து அடுக்குகிற தட்டில் ஒருவர், கழிவறையில் கை உலர்த்துகிற பெட்டியில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். என் மனைவி சிரிக்க மாட்டாள்.

“குடுக்கிறவை எழுதட்டுமன். உங்களுக்கு எங்க நோகுது?” என்பாள்.

கோயில் வடமேற்கு லண்டனில், முன்பு கம்பளக் கிடங்காக இருந்த கட்டடத்தில் இருந்தது. லொறிகள் திரும்பிய முற்றத்தை வெளிவீதி ஆக்கியிருந்தார்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் சீமெந்துக் கல் பதித்து, மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, அதன் மேல் இரும்புக் கம்பி மூடிகள் போட்டிருந்தார்கள். நல்ல வேலை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் நகம்கூட நுழையாது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடித்து, கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுக்கு வந்து தலை முழுகி, பஸ் ஏறி அங்கே போவாள். உள்ளே கும்பிட்டுவிட்டு வெளிவீதியைச் சுற்றுவாள். அவளுக்கென்று இருந்த ஒரே நடை அதுதான். மற்ற நடையெல்லாம் வேலைக்கும் கடைக்கும் எனக்கும்.

அவளுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் இல்லை என்று அலட்சியமாக இருந்தோம். பிறகு ஒருநாள் கால் பார்க்கிற நேர்ஸ் அவளைக் கண்ணை மூடச் சொன்னாள். ஒரு நைலோன் நூலால் இரண்டு உள்ளங்காலையும் மாறி மாறித் தொடுவதாகவும், தொடுவது தெரிந்தால் ‘யெஸ்’ சொல்லும்படியும் சொன்னாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நேர்ஸ் விரலடியில் தொட்டாள், குதிக்காலில் தொட்டாள், நடுவில் அழுத்தித் தொட்டாள். மனைவி கண்ணை மூடியபடி, நல்ல பிள்ளையாக, எப்போது தொடுவாள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளேயும் கூடாது என்று அன்றைக்குச் சொல்லிவிட்டார்கள். காலில் ஒன்று ஏறினால் தெரியாது, தெரியாததால் ஆறாது, ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்று அந்த நேர்ஸ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“வீட்டில செருப்புப் போடுறன். வேலைக்குச் சப்பாத்துப் போடுறன். கோயிலில மட்டும் என்னை விடுங்கோ.”

“அங்கதான் வெறுங்கால். அங்கதான் கூடாது எண்டுறன்.”

“சப்பாத்தோட சாமியச் சுத்துறதோ? உங்களுக்கு விசரே?”

உள்ளே போகும்போது காலுறையாவது போடும் என்றேன். அதுவும் மாட்டேன் என்றாள். இருபத்து மூன்று வருடம் என் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசாதவள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், நிறையப் பேசியிருக்கிறாள். ஆனால் அன்றைக்குப் பேசியது வேறு மாதிரி இருந்தது. அதனால் நான் ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். முடிந்த வெள்ளிக்கிழமைகளில் அவளோடு போய், அவள் சுற்றத் தொடங்கும் முன் நான் ஒரு சுற்றுச் சுற்றுவேன். சிதறு தேங்காய் அடித்த இடத்தில் சிரட்டைத் துண்டு கிடக்கும். சேலையில் குத்துகிற ஊசி கிடக்கும். எல்லாவற்றையும் பொறுக்கிப் பொக்கெற்றில் போடுவேன். பார்த்தவர்கள் என்னை மிகுந்த பக்திமான் என்று நினைத்திருக்கலாம்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு மாசியில் லண்டனில் பஸ்ஸெல்லாம் நின்றுபோகிற அளவுக்குப் பனி கொட்டியது. கோயில் முற்றம் கண்ணாடியாக இறுகி, கும்பிட வந்த ஒருவர் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். காப்புறுதிக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். அந்த வருடம்தான் ஊரில் யுத்தத்தோடு எல்லாம் முடிந்துபோனது. அதன் பிறகு கோயிலில் கூட்டம் இரண்டு மடங்கானது. கடவுளிடம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதவர்களும் வந்தார்கள். அடுத்த மாரிக்குள் பனி தள்ளுவதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நிர்வாகசபை முடிவெடுத்தது.

வண்டி ஏற்கெனவே இருந்தது. பண்ணைகளில் ஓடுகிற வகை. இரண்டு பேர் அருகருகே இருக்கலாம், பின்னால் சாமான் தட்டு, மண்ணைப் பிடிக்கிற பெரிய சில்லுகள். அரிசி மூட்டையும் மாலைக் கூடையும் குப்பையும் அதில்தான் போய் வந்தன. கோயில் வண்டி என்று சொல்வோம். அதைக் கொடுத்தவர் மொத்த மளிகை வியாபாரம் செய்கிற ஒருவர். கோயிலில் பாதிக்கு மேல் அவர் கொடுத்ததுதான், அதனால் எல்லோரும் அவரை உபயகாரர் என்றே சொன்னோம். அந்த வண்டியின் முன்னால் பனி தள்ளுகிற தகடு ஒன்று பூட்ட வேண்டும், அதையும் தானே தருகிறேன் என்றார். எந்தத் தகடு என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஒரு கவுன்சிலின் பூங்காப் பிரிவில் சாமான் வாங்குகிற மேசையில் இருந்தவன். மண்வெட்டியிலிருந்து புல்வெட்டி வரைக்கும் பட்டியல் பார்த்துக் கட்டளை அனுப்புவதுதான் என் தொழில்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முற்றத்தின் மேல் எது உரசப் போகிறது என்பதைத் தீர்மானிக்கிற ஆளாக நான் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

மடப்பள்ளிக்குப் பின்னால் இருந்த அறையில் கூட்டம். வடையும் தேநீரும் வந்தன. நான் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிய மாதிரித் துண்டுகள் மூன்றை மேசையில் வைத்தேன். ஒன்று எஃகு. ஒன்று தடித்த பிளாஸ்டிக். ஒன்று ரப்பர். தகட்டில் இரண்டு பகுதி உண்டு என்று தொடங்கினேன். பனியை ஏந்தித் தள்ளுகிற வளைந்த முகம் ஒன்று, நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகிற விளிம்பு மற்றது. முகம் எஃகாக இருந்தால் பலம், ஆனால் துரு பிடிக்கும், ஈரப்பனி அப்பிக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் பனி வழுக்கி விழும், துருவில்லை, எடை குறைவு, சின்ன வண்டிக்கு எடை குறைவு நல்லது. விளிம்புதான் முக்கியம். எஃகு விளிம்பு தார் றோட்டுக்குச் சரி, இறுகிய பனிக்கட்டியையும் சுரண்டும், ஆனால் பதித்த கல்லைப் பிய்க்கும். ரப்பர் விளிம்பு கட்டியைச் சுரண்டாது; விழுந்த பனியை உடனே தள்ளினால் ரப்பரே போதும். இதுதான் நான் சொன்னது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படிதான் சொன்னேன்.

உபயகாரர் பிளாஸ்டிக் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதில எழுத்து நிக்குமோ?”

“என்ன எழுத்தண்ணை?”

“உபயம் எழுதுறதுக்குத்தான்.”

நிற்காது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பெயின்ற் பிடிக்காது, ஒட்டினாலும் குளிரில் கழன்றுவிடும். பனி வழுக்குகிற முகத்தில் பெயரும் வழுக்கும் என்று நான் பகிடியாகச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளர் தொலைபேசியை எடுத்து, வெம்பிளியில் கடைப் பலகை எழுதுகிற ஆளிடம் அங்கேயே கேட்டார். அவரும் அதையே சொன்னார். எஃகென்றால் எனாமல் சுட்டுத் தருகிறேன், ஆயுசுக்கும் போகாது என்றாராம்.

“அப்ப எஃகுதான்,” என்றார் செயலாளர். “பிளாஸ்டிக் பூட்டினால் சனமும் சிரிக்கும். விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு.”

“அண்ணை, நிலத்தில சனம் வெறுங்காலோட நடக்குது,” என்றேன். “என்ர மனுசியும் நடக்கிறா. அவவுக்குக் காலில உணர்வில்லை. கல்லு உடைஞ்சு சிதறினால், மூடியில இரும்பு உரசிப் பிசிறு கிளம்பினால், ஆருக்குத் தெரியும்?”

ஒரு வீட்டு விஷயத்தைப் பொதுவில் போட்டுவிட்டேனோ என்று கூச்சமாக இருந்தது. அவளிடம் கேட்காமல் அவளுடைய காலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஆனால் வேறு எதைச் சொல்லி அவர்களுக்கு விளங்கப்படுத்துவது? அப்போதுதான் சென்னைக்காரர் வாயைத் திறந்தார். கணினி வேலைக்கு வந்து, சபையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நிதானமான மனிதர்.

“சார் கேக்குறது விளிம்பைப் பத்தித்தான். முகம் எஃகா இருந்துட்டுப் போகட்டும். கீழ மட்டும் ரப்பர் பட்டை போட்டுட்டா ரெண்டு பேருக்கும் சரியாயிடும்னு நெனைக்கிறேன்.”

“ஓம், அது நல்லம்,” என்று உபயகாரரே முதலில் சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, “எனக்கு என்ர பேர் என்னத்துக்குத் தம்பி? அது கடையில பெரிசாய்க் கிடக்கு. ஊரிட பேர்தான். அங்க இப்ப ஆமிக்காரனைத் தவிர ஒரு குருவியும் இல்லை. சந்தியில இருந்த பெயர்ப் பலகையும் இல்லையாம். இஞ்சயாவது எழுதிக் கிடக்கட்டுமன்” என்றார்.

அதைக் கேட்டு எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அவர் கையைப் பிடித்து, ஓமண்ணை, எழுதுவம் என்றேன். இப்போது நினைத்தால் அந்த இரக்கத்தின் மேல்தான் எரிச்சல் வருகிறது.

தகடு வந்தது. நீல முகம். மூன்று வரி, வெள்ளை எழுத்து. முதல் வரியில் உபயமும் அவருடைய பெயரும். இரண்டாவது வரியில் காலஞ்சென்ற தாய் தந்தையர் ஞாபகார்த்தமாக என்று. மூன்றாவது வரியில் ஊரின் பெயர், மற்ற இரண்டையும் விடப் பெரிதாக. எழுதிய ஆள் கெட்டிக்காரன். ஒவ்வொரு எழுத்தும் கோயில் கோபுரத்தில் வைக்கலாம் போல இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போய் ரப்பர் பட்டையைப் பூட்டினேன். தடித்த பட்டை, எஃகு விளிம்புக்குக் கீழே ஒரு விரல் தடிப்புக்குத் தொங்க வேண்டும். பூட்டுகிற துளைகள் விளிம்புக்கு மேலேதான் இருந்தன. ஆணிகளை முறுக்கி எழும்பிப் பார்த்தபோது மூன்றாவது வரி பட்டைக்குப் பின்னால் போய்விட்டது. மேலே எழுத்துகளின் விசிறியும் புள்ளியுமாக ஒன்றிரண்டு மட்டும் எட்டிப் பார்த்தன.

உபயகாரர் பக்கத்தில்தான் நின்றார். குனிந்து ரப்பரைத் தடவிப் பார்த்தார்.

“மேல ஏத்தி எழுதியிருக்கலாம் அண்ணை,” என்றேன்.

“பரவாயில்லைத் தம்பி. சனத்தின்ர கால்தானே முக்கியம்.”

அப்படித்தான் சொன்னார். நான் என் காதால் கேட்டேன். நிம்மதியாக வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன், உமக்காக ஒரு கோயில் வண்டிக்கே சப்பாத்துப் போட்டுவிட்டிருக்கிறன் என்று. அதற்கு அவள் சிரித்தாள்.

தகட்டுக்குப் பூசை செய்த அன்று எனக்கு வேலை. சில்லுக்கு அடியில் நசுங்கத் தேசிக்காய் வைத்து, தகட்டுக்குச் சந்தனப் பொட்டும் மாலையும் போட்டு, ஐயர் தீபம் காட்டியிருக்கிறார். படமெடுக்க ஆளும் வந்திருக்கிறார். படம் எடுக்கும்போது ஊரின் பெயர் தெரியவில்லையே என்று யாரோ சொல்ல, செயலாளர் ஆணி கழற்றுகிற சாவி கொண்டுவந்து பட்டையைக் கழற்றியிருக்கிறார். படத்துக்கு மட்டும். எடுத்து முடிந்ததும் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பட்டையைத் திரும்பப் பூட்டுவதற்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தும் பேசாமல் இருந்தவர்கள் யாராவது உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. மார்கழியில் பனி வந்தபோது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மேலதிக ஷிப்ட். நான் உப்பு மூட்டைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டே அந்த மாரியைக் கழித்தேன். மனைவியைப் பக்கத்து வீட்டு ஆள் காரில் கூட்டிக்கொண்டு போய் வந்தார். குளிருக்கு அவள் உள்வீதி மட்டும் சுற்றினாள், அங்கே கம்பளம் விரித்திருந்தது. வெளியே எல்லாம் உப்பும் மண்ணும் கலந்த சேறு என்றாள். வீதியை வடிவாகச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள், தகடு நல்ல வேலை செய்கிறது என்று சபையில் இருந்து எனக்குப் பாராட்டுக்கூட வந்தது.

பங்குனி உத்திரத்தன்று வெயில் அடித்தது. லண்டன் வெயில்தான், கையைக் காட்டினால் சூடு தெரியாத வெயில். அது போதும் அவளுக்கு. வெளிவீதியைச் சுற்றிவிட்டு வந்தாள். நான் பின்னேரம் வேலையால் வந்தபோது முகம் முழுதும் சந்தோஷம். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று சொல்லிக்கொண்டு தேநீர் போட்டாள். நான் உடுப்பு மாற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனபோது தரையில் சிவப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கோயிலில் தந்த குங்குமத்தைக் கொட்டிவிட்டாள் என்று நினைத்துத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அது அடுப்படியிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து குழாயடிக்கும், அவள் போன இடமெல்லாம் போயிருந்தது. அவள் வீட்டுச் செருப்பைப் போட மறந்து, குழாயடியில் நின்று பாட்டு முணுமுணுத்தபடி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாரும், அசையாதேயும்,” என்றேன்.

கதிரையில் இருத்திக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, சதைக்குள், கறுப்பாக ஒரு முனை தெரிந்தது. அடுத்த நாள் கிளினிக்கில் அதை இழுத்தெடுத்தார்கள். மெல்லிய எஃகுப் பிசிறு. தேசிக்காய் விதையளவு நீளம், ஒரு பக்கம் சுருண்டு, மற்றப் பக்கம் கூர். நேர்ஸ் அதைச் சின்னப் போத்தலில் போட்டு என்னிடம் தந்தாள். அன்றைக்கு நைலோன் நூலால் தொட்டுப் பார்த்த அதே நேர்ஸ்தான். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

“நொந்திருந்தால் நான் நிண்டிருப்பன் தானே,” என்றாள் மனைவி. அதை அவள் என்னிடம் சொன்னாளா, நேர்ஸிடம் தமிழில் சொன்னாளா என்று விளங்கவில்லை.

புண் ஆறவில்லை. முதலில் பெருவிரல் கறுத்தது. பிறகு பக்கத்து விரல். எலும்புக்குள் போய்விட்டது என்றார்கள். மருந்து மாற்றினார்கள், ஊசி மாற்றினார்கள், வார்டு மாற்றினார்கள். கடைசியில் வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். முழங்காலோடு எடுக்காமல் தப்பியது பெரிய காரியம் என்று இளம் டொக்டர் ஒருவர் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையை வைத்து நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவள் வார்டில் இருந்த நாட்களில் ஒருநாள் நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை. வெளிவீதியில் குனிந்து நடந்தேன். சாம்பல் கல்லில் நீள நீளமாகக் கீறல், பெரிய சீப்பால் வாரிவிட்டது போல. கல்லின் விளிம்புகள் உடைந்து பொருக்குப் பொருக்காக இருந்தன. வாய்க்கால் மூடிக் கம்பிகளின் ஓரம் மடங்கிக் கூர்மையாக நிமிர்ந்திருந்தது. தடவிய என் விரலில் இரத்தம் வந்தது, எனக்கு வலித்தது. கொட்டகைக்குப் போய்த் தகட்டைப் பார்த்தேன். மூன்று வரியும் முழுதாக, அழகாகத் தெரிந்தன. எனாமல் ஒரு பொட்டும் போகவில்லை. கீழே வெறும் எஃகு, அரம் மாதிரி. ரப்பர் பட்டை சப்பாத்துத் தட்டுக்குப் பின்னால் சுருட்டிச் சாத்தியபடி, பூசையன்று பூசிய சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கக் கிடந்தது.

சபையைக் கூட்டச் சொன்னேன். அதே அறை, அதே வடை. போத்தலை மேசையில் வைத்தேன்.

செயலாளர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உங்கட கவலை விளங்குது. ஆனால் இது எங்கட இரும்பு எண்டு எப்பிடிச் சொல்லுறியள்? எத்தினை கார் வந்து போகுது. சப்பாத்தில ஒட்டிக்கொண்டும் வரும்.”

“பட்டையை ஆர் கழட்டினது?”

“அது படத்துக்குக் கழட்டினது. பிறகு பூட்டியிருப்பினம் எண்டு நினைச்சன்.”

“ஆர் பூட்டியிருப்பினம்?”

“நீங்கள்தான் அதைப் பாக்கிற ஆள் எண்டு…”

எழும்பி அவருடைய சட்டையைப் பிடித்தேன். சென்னைக்காரர் இடையில் வந்து “சார், சார், வேணாம் சார்” என்று என் கையை விடுவித்தார். முதல் கூட்டத்தில் பேசிய அந்த வாய்க்கு அன்றைக்கு அவ்வளவுதான் வந்தது. யாரோ ஒருவர், அம்பாள் பெரிதாக வரவிருந்த ஒன்றைக் காலோடு எடுத்துவிட்டாள் என்று நினைத்து ஆறுங்கோ என்றார். தன் காலைக் கொடுத்து ஆறட்டும் அவர். பனி தள்ளியபோது கைத்தொலைபேசியில் பிடித்த வீடியோ ஒன்றையும் அன்றைக்கு எனக்குக் காட்டினார்கள், வண்டி எவ்வளவு கவனமாக ஓடியது என்று நிரூபிக்க. தகடு கம்பி மூடியில் ஏறி இறங்கும்போதெல்லாம் நெருப்புப் பொறி பறந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். பொறிகளுக்கு மேலே, அசையாமல், ஊரின் பெயர்.

உபயகாரர் அந்தக் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் பெரிய பழக்கூடையோடு வந்தார். கட்டுப் போட்ட காலைக் கண்டதும் வாசலிலேயே நின்று அழுதார். பொய்யழுகை இல்லை, மூக்குச் சிந்தி அழுதார். மனைவிதான் அவரைத் தேற்றினாள். “அண்ணை, நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்” என்றாள். நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவரை வெறுப்பதற்கு எனக்கு வசதியாக ஒரு வார்த்தையாவது அவர் தந்திருக்கலாம். அதையும் தரவில்லை.

கல்லெல்லாம் மாற்றிவிட்டார்கள். புதிய கல், பழையதை விட நல்லது. ரப்பர் பட்டைக்கு இடம் விட்டு எழுத்தை மேலே ஏற்றிப் புதுத் தகடும் செய்தார்கள். நான் முதல் நாளே சொன்னதுதான். அதற்குப் பிறகு இரண்டு மாரிக்கு அங்கே சொல்லிக்கொள்ளும்படி பனி விழவில்லை.

மனைவிக்கு இப்போது விசேஷமாகச் செய்த சப்பாத்து. அதோடு வீட்டுக்குள் நடப்பாள், கொஞ்சத் தூரம் வெளியேயும் நடப்பாள். வெளிவீதியைச் சுற்ற ஏலாது. சுற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கோயிலுக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன். உங்கட கால் உங்களோட இருக்கு, வைக்காமல் விடலாம் என்றாள். அதோடு என் வீறாப்பு முடிந்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். வாசலில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், புத்தம் புதுச் சில்லுக்கதிரை ஒன்று நின்றது. நடக்க ஏலாத அடியார்களுக்காம். கோயிலுக்குள் சப்பாத்தோடு வந்தாலும் கதிரையில் இருந்தால் குற்றமில்லை என்று ஐயரும் சொல்லிவிட்டாராம். மனைவி ஏறி இருந்தாள். நான் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு வந்து கதிரையின் பின்னால் கைபிடியைப் பிடித்தேன். முதுகுச் சீலையில் மூன்று வரி. உபயம், தாய் தந்தையர், ஊர். அந்தச் சீலையில் எழுத்து நன்றாக நிற்கிறது. இருக்கிற ஆளுக்கு அது தெரியாது, முன்னால் வருகிற ஆளுக்கும் தெரியாது. தள்ளுகிறவன் ஒருவனுக்குத்தான் வாசிக்கலாம். சுற்று முடியும்வரை வேறு எங்கும் பார்க்கவும் ஏலாது.

ரப்பர்ச் சில்லு சத்தமில்லாமல் உருண்டது. அவள் இரண்டு கையையும் கூப்பியபடி இருந்தாள். மேற்கு வீதியில் திரும்பும்போது, கொஞ்சம் நில்லுங்கோ என்றாள். நிறுத்தினேன். இடது கால் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் காலை மெதுவாக இறக்கிக் கல்லில் வைத்தாள். நான் கதிரை உருளாமல் பிடித்துக்கொண்டேன். கல்லைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, வெறுங்காலோடு நிற்கிற என் பாதத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“கல்லுக் குளிருதோ?”

“ஓம். குளிருது.”

சரி என்று தலையாட்டிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டாள். நான் தள்ளினேன். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டாள்.